வெளியே அனுப்பும் பாடம்

என் அண்ணிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் கொஞ்சம் திணறிப்போவேன். நர்ஸ் என்று சொன்னால் பாதி உண்மை. டீச்சர் என்று சொன்னால் மீதிப் பாதி. மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தலைமை தாங்கச் சொல்லிக் கொடுக்கிறார் என்று முழுசாகச் சொன்னால் கேட்டவர்கள் சிரிப்பார்கள். "அதைக்கூடவா சொல்லித் தருவாங்க?" என்பார்கள். அண்ணன் அதற்கென்றே ஒரு பதில் வைத்திருந்தார். "எங்க வீட்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்க, தானா புரியும்" என்பார்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தார். நாத்தனார் என்ற முறையில் அவரிடம் குறை கண்டுபிடிக்கிற உரிமை எனக்கு உண்டு, அதை நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. எண்ணெய் ஊற்றுவதில் கை தாராளம், பேசுவதில் படு சிக்கனம். புடவையை மடிப்பதைப் பார்த்தால் ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பை மடிக்கிற மாதிரியே இருக்கும். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. முழங்கால் தேய்ந்து, முன்போல் ஓடியாட முடியாமல் போன பிறகு, அதே ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியில் பாடம் நடத்தப் போனார்.

அங்கேதான் இந்த வகுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. டாக்டருக்குப் படிப்பவர்கள், நர்ஸுக்குப் படிப்பவர்கள், பிசியோதெரபி, மருந்தியல் என்று எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துத் தலைமைப் பண்பு சொல்லித் தரவேண்டும் என்று கல்லூரி முடிவு செய்தது. பெரிய டாக்டர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். "அதெல்லாம் ரத்தத்துல வரணும்" என்றாராம் ஒருவர். "ரத்தத்துல வர்றதை லேப்ல பார்த்துக்கட்டும் சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். சொன்ன வாய்க்கே வேலை வந்து சேர்ந்தது.

வகுப்புக்கு என்று ஒதுக்கிய அறை, பழைய படுக்கை விரிப்புகளைப் போட்டுவைத்திருந்த கிடங்கு. அதைக் கூட்டிப் பெருக்கி ஒரு கட்டில், ஒரு திரை, மருந்துத் தள்ளுவண்டி, படம் வராத ஒரு மானிட்டர் எல்லாவற்றையும் அண்ணி கொண்டுவந்து சேர்த்தார். கட்டிலில் ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை. அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. வந்து படுத்துவிட்டால் போதும், ஒரு வேலையும் செய்யாது, எல்லோரும் ஓடி ஓடிக் கவனிக்கிறார்களே, அதனால்.

ஒரு முறை அண்ணி மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போய், நான் அந்த வகுப்பை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளை தலைவர், மற்றவர்கள் குழு. தலைவர் கட்டிலின் கால்மாட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். நோயாளியைத் தொடவே கூடாது. தொட்டால் கண் அங்கேயே போய்விடும், மற்ற எதையும் பார்க்காது என்பது அண்ணியின் கட்சி. யாரிடம் வேலை சொல்கிறோமோ அவர் பெயரைச் சொல்லித்தான் சொல்லவேண்டும். கேட்டவர் அதைத் திரும்பச் சொல்லவேண்டும், செய்து முடித்ததும் முடித்தேன் என்று சொல்லவேண்டும். ஒரு டாக்டர் மாணவன் சத்தம் போட்டான். அண்ணி நிறுத்தினார். "கத்தாதப்பா. பயந்தவன்தான் கத்துவான். நீ பயந்துட்டேன்னு தெரிஞ்சா அவங்களும் பயந்துடுவாங்க" என்றார். அப்புறம் பிசியோதெரபி படிக்கிற ஒரு ஒடிசலான பெண்ணைத் தலைவராக நிறுத்தினார். டாக்டர் பிள்ளைகளுக்கு முகம் சுண்டிப்போனது. அதைத்தான் அண்ணி பார்க்க விரும்பினார் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டிலும் அதே கதைதான். அண்ணன் சமைக்கிற நாட்களில் அண்ணி அடுப்படி வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "உப்பு" என்பார். "உப்பு போட்டாச்சு மேடம்" என்று அண்ணன் திரும்பச் சொல்வார். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடி ஊரெல்லாம் சுற்றுகிற வேலை. "உன் பசங்க வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா உன்னால பிரேக் போட முடியாது. எனக்கு அந்தக் கவலை இல்ல" என்று அண்ணியைச் சீண்டுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது அதைப்பற்றி வாயெடுத்தால், "இவதான் வருஷத்துக்கு ஒரு வகுப்பு நிறையப் பெத்துக்கறாளே" என்று அண்ணன் பேச்சை முடித்துவிடுவார். நான் மாடியில் குடியிருக்கிறேன், கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே செய்தித்தாளுக்குச் சண்டை போட்டோம்.

அண்ணியின் பாடங்களில் ஒன்றைப்பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். நோயாளியின் உறவினரை வெளியே அனுப்புகிற பாடம். அவர் இளம் நர்ஸாக இருந்தபோது ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்று கதறியிருக்கிறது. யாரோ ஒருவர் ஆக்சிஜன் குழாயை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கூட்டத்தில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. படுத்திருந்தவர் போய்விட்டார். குழாயால்தான் போனாரா என்று சொல்ல முடியாது, ஆனால் அண்ணிக்கு அது மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. உறவினரை வெளியே அனுப்புவதுதான் தலைவரின் முதல் வேலை என்று வகுப்பில் சட்டமே போட்டார்.

அனுப்புவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். தள்ளக்கூடாது, அதட்டக்கூடாது. தோளில் ஒரு கை, கதவுப் பக்கம் இன்னொரு கை, கூடவே நடக்கவேண்டும். குரலைத் தணித்து ஒரே வாக்கியம். "நாங்க பார்த்துக்கறோம், நீங்க வெளியில இருந்தாத்தான் எங்களால அவரை நல்லா பார்த்துக்க முடியும்." இதை முதன்முதலில் வீட்டில் என்மேல்தான் ஒத்திகை பார்த்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தோளில் கை பட்டது, அந்த வாக்கியம் காதில் விழுந்தது, அவ்வளவுதான் தெரியும். பட்டாணிக் கிண்ணத்தோடு தெருவில் நிற்கிறேன். அண்ணன் ஜன்னலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் தனி மதிப்பெண். வருஷா வருஷம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள். எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அண்ணியின் வகுப்பில் படித்தவர்கள் என்றால் அவசரப் பிரிவில் தனி மரியாதை உண்டு என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அண்ணி காபியில் சர்க்கரையை இரண்டு முறை போட்டார்.

அண்ணனுக்கு நெஞ்சில் வலி வந்தது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்து வண்டியை எடுக்கச் சொன்னார். பதறவில்லை. வழியெல்லாம் அண்ணன் என் டிரைவிங்கைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். "கிளட்ச்ல கால வச்சே ஓட்டுறா பாரு" என்றார். இப்படிப் பேசுகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நினைத்துவிட்டேன்.

அவசரப் பிரிவில் அன்று பொறுப்பில் இருந்தவர் அண்ணியிடம் படித்த டாக்டர். ஆள் நல்ல உயரம், அதனால் படிக்கிற காலத்தில் 'கம்பம்' என்று கூப்பிடுவார்களாம். அந்த வருஷத்து வகுப்பில் அவருக்குத்தான் முதலிடம் என்று அண்ணி வீட்டில் சொல்லியிருக்கிறார். அண்ணனைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அண்ணி தலைமாட்டில் நின்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் செருப்பையும் பர்ஸையும் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றேன். டாக்டர் கால்மாட்டுக்கு வந்தார், கைகளைப் பின்னால் கட்டினார், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு அண்ணியிடம் வந்தார். தோளில் கை வைத்தார்.

"மேடம், நாங்க பார்த்துக்கறோம். நீங்க வெளியில இருந்தாத்தான் எங்களால சாரை நல்லா பார்த்துக்க முடியும்."

அண்ணி அண்ணனின் கையை விட்டார். மறுபேச்சு இல்லை. வெளியே வந்து கதவுக்குப் பக்கத்தில் என்னோடு நின்றார். உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது, கேட்கும். ஒருவர் சொல்வது, இன்னொருவர் திரும்பச் சொல்வது, முடித்தேன் என்பது. குரல் எதுவும் உயரவில்லை. அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் என் பக்கம் திரும்பி, "நல்லா செய்யறாங்க" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பெருமை இருந்தது. நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

டாக்டர் வெளியே வந்து, எங்களை உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். அப்படித்தான் சொல்லவேண்டும் என்பதும் அண்ணியின் பாடம்தான்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு அடங்கிய பிறகு அந்த டாக்டர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை.

"மேடம், அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்றார். "நீங்க வெளிய போனதுக்கப்புறம் சார் கொஞ்ச நேரம் நினைவோடதான் இருந்தாரு. குரலே எழும்பாம உங்களைக் கேட்டாரு. அவ எங்கே, கூப்பிடுங்கன்னாரு. ரெண்டு தடவை கேட்டாரு. நான் அப்புறம் பார்க்கலாம் சார்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள..."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "கதவுக்கு வெளியிலதானே நின்னாங்க. எட்டிக் கூப்பிட்டா உங்க வாய் தேஞ்சா போயிடும்?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"அவனைத் திட்டாதே" என்றார் அண்ணி. டாக்டரிடம் திரும்பி, "நீ மறைக்காம வந்து சொன்னதுக்கு நன்றிப்பா. டீயக் குடி" என்றார். அவர் குடித்தார். வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்து அண்ணி அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உள்ள அவர் என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காரு. நான் வெளிய நின்னு இவங்களுக்கு மார்க் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. "நர்ஸா இருந்தப்ப நான் வெளிய அனுப்பினவங்க கொஞ்சம் பேரு. இப்ப நான் சொல்லிக் கொடுத்த பசங்க எத்தனை ஊர்ல இருக்காங்க. இந்த நிமிஷம்கூட எங்கேயோ ஒரு அம்மா தோள்ல கை வச்சு வெளிய கூட்டிட்டுப் போயிட்டு இருப்பாங்க. அதுவும் நான் சொன்ன மாதிரி, வலிக்காம." ஒத்திகை என்று என்னைத் தெருவில் நிறுத்தியபோது நாங்கள் மூன்று பேரும் சிரித்தது ஞாபகம் வந்து, எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அண்ணி பழைய மாணவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் எழுதினார். உறவினரை வெளியே அனுப்பச் சொல்லித் தந்தது தவறு, ஒருவரை அவர்களுக்குத் துணையாக நிறுத்திவைத்து உள்ளேயே இருக்கவிடுங்கள், கூட்டம் சேராமல் ஒரே ஒருவர் என்றாலும் விடுங்கள் என்று நிதானமாக, காரணத்தோடு எழுதியிருந்தார். எழுதி முடித்து என்னிடம் படித்துக் காட்டினார். பாடம் மாதிரி இருக்கிறதா, புலம்பல் மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். பாடம் மாதிரிதான் இருந்தது.

பதில்கள் கொட்டின. கும்பிடுகிற கைகள், பூக்கள், எரிகிற விளக்கு. 'மனசைத் தேத்திக்கோங்க மேடம்.' 'உடம்பைப் பார்த்துக்கோங்க மேடம்.' 'சார் ரொம்ப நல்ல மனுஷன்.' அப்படியே செய்கிறோம் என்று ஒருவரும் எழுதவில்லை. முடியாது என்றும் எழுதவில்லை. அண்ணி ஃபோனை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். டீச்சராக ஒன்று சொன்னபோது மறுகேள்வி இல்லாமல் கேட்ட பிள்ளைகள், அதையே மாற்றிச் சொன்னபோது, பாவம் புருஷனைப் பறிகொடுத்தவர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

துறைத் தலைவரும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தார். அண்ணியை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுசும் கேட்டுவிட்டு, "உங்க மனநிலை எனக்குப் புரியுதும்மா. இந்த வருஷம் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோங்களேன், பாடத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன அண்ணி, "எவ்வளவு மரியாதையா என்னை வெளிய அனுப்பறாரு பாரு" என்றார். சிரித்தார் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. ஓய்வு எடுக்கவில்லை. பாடத்திட்டத்தை மாற்ற அனுமதி வராவிட்டால் என்ன, என் அறை, என் கட்டில் என்று இறங்கிவிட்டார்.

புது வகுப்புக்கு ஒரு உறவினர் வேண்டியிருந்தது. என்னை வரச் சொன்னார். "எனக்கு நடிக்கவெல்லாம் வராது அண்ணி" என்றேன். "நீ நடிக்க வேண்டாம். படுத்திருக்கறது உங்கண்ணன்னு நினைச்சுக்கோ" என்றார். போனேன்.

அன்றைக்குத் தலைவராக நின்றவள் நர்ஸிங் கடைசி வருஷப் பெண், ஏற்கெனவே வார்டுகளுக்குப் போய் வேலை பழகிக்கொண்டிருப்பவள். முந்தின நாளே அண்ணி எல்லாம் விளக்கியிருந்தார். தலைவர் குழுவில் ஒருவரை உறவினருக்கென்று ஒதுக்கவேண்டும். அவர் உறவினர் பக்கத்தில் நின்று, என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். உறவினரைத் தலைமாட்டில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொள்ள விடவேண்டும். எல்லோரும் எழுதிக்கொண்டார்களாம்.

மாப்பிள்ளைக்கு மூச்சு நின்றது. அந்தப் பெண் கால்மாட்டில் நின்றாள், பெயர் சொல்லி வேலை கொடுத்தாள், தெளிவாகச் செய்தாள். பிறகு என்னிடம் வந்தாள். தோளில் மெத்தென்று ஒரு கை. "நாங்க பார்த்துக்கறோம்மா, நீங்க வெளியில இருந்தாத்தான்..." என் கால்கள் தானாக நடந்தன. நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன், கதவு சாத்தியிருந்தது.

அண்ணி கதவைத் திறந்து என்னை உள்ளே கூட்டிப்போனார். கோபிக்கவில்லை. "நேத்து நான் என்னம்மா சொன்னேன்?" என்றார்.

"உள்ள நிக்க விடணும்னு சொன்னீங்க மேடம்."

"அப்புறம் ஏன் அனுப்பின?"

அந்தப் பெண் மற்றவர்களைப் பார்த்தாள். "வார்டுல யாரும் அப்படிச் செய்யறதில்ல மேடம். அங்க இருக்கற அக்காங்க வெளியில அனுப்பறதுதான் சரின்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. கை பழகிடுச்சு. பரீட்சையில வேணா நீங்க சொல்ற மாதிரி செஞ்சிடறோம்."

"அந்த அக்காங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க, தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"நான்தான்."

அந்தப் பெண் உண்மையாகவே குழம்பிப்போய், "அப்ப எது மேடம் சரி?" என்று கேட்டாள்.

அண்ணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் கடைசியா என்னைக் கூப்பிட்டாரு. நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னேன். நான் உள்ள இருந்தா அவர் பிழைச்சிருப்பாருன்னு சொல்லல. ஆனா கூப்பிட்டதுக்கு வந்திருப்பேன். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாம்மா" என்றார். பிறகு, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இந்தத் தடவை அவள் என்னைத் தலைமாட்டில் நிறுத்தினாள். எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் என்ன நடக்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் ரப்பர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, வார்டில் நல்ல திட்டு வாங்கினேன் என்றாள். விபத்தில் அடிபட்ட ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தபோது, இவள் அதன் அம்மாவை வெளியே அனுப்பாமல் தலைமாட்டில் நிறுத்தியிருக்கிறாள். வேலை முடிந்ததும் பெரிய நர்ஸ் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, யார் உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று காய்ச்சி எடுத்துவிட்டார். "மேடம்கிட்ட சொல்லிடாதீங்க, வருத்தப்படுவாங்க" என்றாள்.

சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். திட்டியது யார் என்று கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளை?"

"தெரியல அண்ணி. அவ சொல்லல, நானும் கேக்கல."

"அந்தம்மா கடைசிவரைக்கும் உள்ள இருந்தாங்களா?"

"இருந்தாங்களாம்."

அண்ணி மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் போன நாளிலும் அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. "நானும் இருந்திருக்கலாம். போமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த டாக்டர் பையன் விட்டிருப்பான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.